சூரிய, காற்றாலை மின்சாரத்தை முடக்கும் சட்டமும் விதியும் வந்தால் எதிர்ப்பது எப்படி

புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்குத் தடை போடும் சட்டம் என்றதும், சட்டமன்றத்தில் ஒரு மசோதா, அதன்மேல் காரசாரமான விவாதம், இறுதியில் ஒரு வெளிநடப்பு என்ற காட்சிதான் மனத்தில் எழும். தமிழ்நாட்டில் இந்தத் தடைகள் பெரும்பாலும் அந்த வழியாக வருவதில்லை. கூரையில் சூரியத்தகடு பொருத்திய பட்டறையின் பில்லில் ஒரு மாதம் புதிய கட்டண இனம் சேர்ந்திருக்கும். காற்றாலைக்காரருக்கு இருந்த ஒரு வசதி அடுத்த நிதியாண்டிலிருந்து இல்லை என்று கடிதம் வரும். விசாரித்துப் பார்த்தால், அதற்குக் காரணமான ஆவணம் பல மாதங்களுக்கு முன்பே வரைவாக வெளியாகி, ஆட்சேபம் சொல்லும் கடைசித் தேதியும் கடந்துபோயிருக்கும். மதுரையில் நாம் சத்தம் போடத் தொடங்கும்போது சென்னையில் கோப்பை மூடியிருப்பார்கள்.

வெளிப்படையாக மசோதாவே கொண்டுவந்த இடங்களும் உண்டு. அமெரிக்காவில் நிலக்கரிக்குப் பெயர்பெற்ற வயோமிங் மாநிலத்தில், பெரிய காற்றாலைகளிலும் சூரியப் பூங்காக்களிலும் உற்பத்தியாகும் மின்சாரத்தை உள்ளூர் நுகர்வோருக்கு விநியோகிக்கும் நிறுவனத்துக்கு அபராதம் விதிக்கும் மசோதா ஒன்று 2017இல் தாக்கலாகி, நிறைவேறாமல் போனது. ஒஹாயோ மாநிலத்தில் 2019இல் நிறைவேறிய ஒரு சட்டம், மின் நிறுவனங்கள் கட்டாயமாக வாங்க வேண்டிய புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தின் அளவை 8.5 சதவீதமாகக் குறைத்தது. அந்தச் சட்டத்தை நிறைவேற்ற லஞ்சம் கைமாறிய வழக்கில் அம்மாநில அவைத் தலைவராக இருந்த லாரி ஹவுஸ்ஹோல்டருக்கு 2023இல் 20 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மசோதாவாக வந்தால் பத்திரிகைகளின் கண்ணில் படும், எதிர்ப்பதற்கும் ஆள் சேரும். நம் ஊரில் வரைவு விதிமுறையாக வருவதைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை.

எந்த ஆவணம் என்று முதலில் பாருங்கள்

எதிர்ப்பை எங்கே, எதற்குள் சொல்ல வேண்டும் என்பது வந்திருக்கும் ஆவணத்தின் வகையைப் பொறுத்தது. இதில் தவறினால் மற்ற உழைப்பெல்லாம் வீண்தான்.

சட்டமன்ற மசோதா என்றால் அதை அரசிதழில் பார்க்கலாம். நம் சட்டமன்றத்தில் பல மசோதாக்கள் கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் அறிமுகமாகி உடனேயே நிறைவேறிவிடுவதால், அவகாசம் நாள் கணக்கில்தான் கிடைக்கும். மதுரை மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளில் உங்கள் உறுப்பினர் யாரோ அவரை நேரில் பார்த்து, மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு (அதை விரிவாக ஆராயும் சட்டமன்ற உறுப்பினர்கள் குழு) அனுப்பக் கோரும்படி எழுத்தில் கேளுங்கள். மசோதாவைத் தோற்கடிக்கச் சொல்வதைவிடத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொல்வது ஆளுங்கட்சி உறுப்பினருக்கும் தர்மசங்கடம் இல்லாத கோரிக்கை.

இரண்டாவது வகை, தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வெளியிடும் விதிமுறை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 181ஆம் பிரிவின்படி இதை வரைவாக முன்கூட்டியே வெளியிட்டுக் கருத்துக் கேட்ட பிறகே இறுதி செய்ய முடியும். இறுதி செய்த விதிமுறை 182ஆம் பிரிவின்படி சட்டமன்றத்தின் முன் வைக்கப்படவும் வேண்டும். அது வைக்கப்பட்ட நாளைப் பற்றி எந்த உறுப்பினரும் அக்கறை கொள்வதாகத் தெரியவில்லை. ஆனால் கேள்வி கேட்க அது ஒரு வாய்ப்பு.

மூன்றாவது வகை, அதே ஆணையத்தின் கட்டண ஆணை. மின் பகிர்மானக் கழகம் மனு கொடுத்து, பொதுமக்களின் ஆட்சேபங்களைப் பரிசீலித்த பின், மனு கிடைத்த 120 நாட்களுக்குள் ஆணை வர வேண்டும் என்கிறது 64ஆம் பிரிவு. கூரைச் சூரிய மின்சாரத்துக்கான நெட்வொர்க் கட்டணம் (கழகத்தின் கம்பிகளைப் பயன்படுத்துவதற்கான கட்டணம்) போன்றவை இந்த வழியாகத்தான் வருகின்றன.

நான்காவது, அரசின் கொள்கை ஆவணம் அல்லது பகிர்மானக் கழகத்தின் சுற்றறிக்கை. பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் அரசு ஆணையத்துக்கு வழிகாட்டுதல் தரலாம் என்று 108ஆம் பிரிவு சொல்கிறது. சுற்றறிக்கைக்கோ சட்டத்தின் பலம் கிடையாது. பிரிவு அலுவலகத்தில் ஒரு பொறியாளர், "மேலிருந்து உத்தரவு, சோலார் விண்ணப்பம் இப்போதைக்கு வாங்குவதில்லை" என்று சொன்னால், அந்த உத்தரவின் எண்ணையும் தேதியையும் பணிவாகக் கேளுங்கள். மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024இல் செய்த திருத்தத்தின்படி, 10 கிலோவாட் வரையிலான கூரைச் சூரிய மின் விண்ணப்பம் முழுமையாக இருந்தால், தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு இல்லாமலேயே ஏற்கப்பட்டதாகக் கருதப்பட வேண்டும்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுப்பதுதான் நம்மவர்கள் பலருக்கு முதலில் தோன்றும் வழி. இந்த விஷயத்தில் அதனால் பெரிய பயன் இல்லை. அந்த மனு, எந்தக் கழகத்துக்கு எதிராக எழுதினீர்களோ அதன் மேற்பார்வைப் பொறியாளருக்கே "தக்க நடவடிக்கைக்காக" போய்ச் சேரும்.

சட்டத்தில் நமக்குள்ள பிடிமானம்

ஆணையம் கட்டணம் வகுக்கும்போது மனத்தில் கொள்ள வேண்டியவற்றுள் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை ஊக்குவிப்பதும் ஒன்று என்று அதே மின்சாரச் சட்டத்தின் 61ஆம் பிரிவின் (எச்) உட்பிரிவு சொல்கிறது. 86ஆம் பிரிவின் முதல் உட்பிரிவில் வரும் (இ), அத்தகைய உற்பத்தியை ஊக்குவித்து, கட்டமைப்புடன் இணைக்க வழிசெய்து, பகிர்மான நிறுவனங்கள் கட்டாயமாக வாங்க வேண்டிய சதவீதத்தையும் நிர்ணயிப்பதை ஆணையத்தின் பணியாகவே வைக்கிறது. ஆட்சேப மனு எதுவானாலும் இந்த இரண்டு பிரிவுகளையும் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது கட்டாயக் கொள்முதல் அளவு. எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2023 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை, 2024-25இல் 29.91 சதவீதம் என்று தொடங்கி 2029-30இல் 43.33 சதவீதத்தை எட்ட வேண்டும் என்கிறது. அதற்குள்ளேயே பரவலாக்கப்பட்ட சிறு உற்பத்திக்கென்று தனிப் பங்கும் இருக்கிறது, அது 1.5 சதவீதத்தில் தொடங்கி 4.5 சதவீதம் வரை உயர வேண்டும். வீட்டுக் கூரையிலும் ஆலைக் கூரையிலும் தகடு போடுவதைத் தடுக்கும் எந்த விதியும், கழகம் தானே நிறைவேற்ற வேண்டிய இந்தத் தனிப் பங்குக்கு எதிராகத்தான் போகும். இந்த வாதத்தை ஆட்சேபம் எழுதுவோர் அதிகம் பயன்படுத்துவதில்லை; என் பார்வையில் இருப்பதிலேயே வலுவானது இதுதான்.

பெரிய சூரியப் பூங்காக்களை நிறுத்தி வைக்கும் பிரச்சினை வேறு வகையானது. கமுதியில் 648 மெகாவாட் பூங்கா 2016இல் வந்த பிறகு, தென் மாவட்டங்கள் சூரிய மின்சாரத்தின் களமாகவே மாறிவிட்டன. 'உற்பத்தியைக் குறையுங்கள்' என்ற உத்தரவு மின்கட்டமைப்பின் பாதுகாப்புக்காக வந்தால் யாரும் குறைசொல்ல முடியாது. வேறு மின்சாரம் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வந்தால், அது முறையல்ல என்பதற்குத் தமிழ்நாட்டு வழக்கிலேயே தீர்ப்பு இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 2ஆம் தேதி மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், இங்கே சூரிய மின் உற்பத்தியாளர்களுக்குத் தரப்பட்ட குறைப்பு உத்தரவுகளை ஆராய்ந்து, கட்டமைப்பின் பாதுகாப்புக்கு அல்லாமல் வணிகக் காரணத்துக்காகக் குறைத்தவற்றுக்கு ஒப்பந்த விலையில் 75 சதவீதம் இழப்பீடு தரச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளும் இதையே சட்டமாக்கின.

மசோதாவாகவே வந்தால் அரசியல் சாசனக் கேள்வி எழும். மின்சாரம் ஏழாவது அட்டவணையின் பொதுப்பட்டியலில் 38ஆவது இனம். மத்தியச் சட்டத்துக்கு முரணான மாநிலச் சட்டம் நிலைக்க வேண்டுமானால், அரசியல் சாசனத்தின் 254ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அதே தடையை 'மின் நுகர்வு வரி' என்ற பெயரில் கொண்டுவந்தால், அது மாநிலப் பட்டியலின் 53ஆவது இனம். அப்போது இந்த வாதம் எடுபடாது. மசோதா வரியாக வருகிறதா, வேறு தடையாக வருகிறதா என்பதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் மேடை ஏற வேண்டும்.

ஆட்சேப மனு எழுதுவது

இதுதான் உண்மையான வேலை. பூமி வெப்பமாகிறது, துருவப் பனி உருகுகிறது என்று நான்கு பக்கம் எழுதி அனுப்பும் மனு, கட்டண ஆணையில் ஒரே வரியில் "சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் எதிர்ப்பு தெரிவித்தனர்" என்று முடிந்துவிடும். உங்கள் மீட்டரில் இருந்து எழுதிய மனுவுக்குக் கழகம் எண்களோடு பதில் சொல்லியே ஆக வேண்டும்.

வாடிப்பட்டிப் பக்கம் ஓர் அரிசி ஆலையை எடுத்துக்கொள்வோம். கூரையில் 20 கிலோவாட் தகடு இருக்கிறது. நம் வெயிலில் ஒரு கிலோவாட் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும் என்று வைத்தால், ஆண்டுக்குச் சுமார் 29,000 யூனிட். யூனிட்டுக்கு ஒரு ரூபாய் நெட்வொர்க் கட்டணம் என்று வரைவில் இருந்தால், ஆண்டுக்கு 29,000 ரூபாய். இப்போது வரைவைத் திரும்பப் படியுங்கள். கட்டணம் தகடு உற்பத்தி செய்யும் மொத்த யூனிட்டுக்கா, அல்லது ஆலையின் தேவைபோகக் கழகத்தின் கம்பிக்குள் போன யூனிட்டுக்கு மட்டுமா? ஆலையின் மோட்டார் பகல் முழுக்க ஓடி, உற்பத்தியில் பெரும்பகுதியைக் கூரைக்குக் கீழேயே பயன்படுத்திவிட்டால், அந்த யூனிட்டுகள் மீட்டரைத் தாண்டி வெளியே போகவே இல்லை. போகாத பாதைக்கு எதற்குக் கட்டணம் என்பது ஒரே வாக்கியத்தில் கேட்கக்கூடிய கேள்வி. அதற்கு ஆதாரமாக மீட்டரின் இறக்குமதி, ஏற்றுமதி அளவுகள் இரண்டும் பதிவான பில்களை ஓராண்டுக்கு இணையுங்கள். உற்பத்தி அளவை இன்வெர்ட்டரின் பதிவிலிருந்து எடுத்து, மாத வாரியாக ஒரு பக்கத்தில் அட்டவணை போடுங்கள்.

மனுவின் உடல் இப்படி இருக்கலாம்: "வரைவின் இன்ன பத்தி, உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கட்டணம் விதிக்கிறது. இணைப்பு 1இல் கண்டபடி, எங்கள் உற்பத்தியில் இத்தனை சதவீதம் வளாகத்துக்குள்ளேயே பயன்படுத்தப்படுகிறது. இந்த யூனிட்டுகளுக்காகக் கழகத்துக்கு ஏற்படும் செலவு எதுவும் கழகத்தின் கட்டண மனுவில் காட்டப்படவில்லை. ஆகவே அப்பத்தியை, ஏற்றுமதியாகும் யூனிட்டுக்கு மட்டும் பொருந்துமாறு திருத்த வேண்டும்." பத்தி எண், ஆதாரம், விடுபட்ட கணக்கு, மாற்று வாசகம் என நான்கும் இதில் இருக்கின்றன. மாற்று வாசகம் தராமல் 'ரத்து செய்க' என்று மட்டும் எழுதினால், ஆணையத்துக்கு உங்கள் பக்கம் சாய விருப்பம் இருந்தாலும் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

கழகத்தின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது; அதை மறைத்து எழுதாதீர்கள். சூரிய மின்சாரம் நண்பகலில் குவிகிறது, தேவை மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பிறகு எகிறுகிறது. கூரைத் தகடு உள்ளவரும் இரவில் அதே கம்பியையும் அதே மின்மாற்றியையும்தான் நம்பியிருக்கிறார். அதிகக் கட்டணம் செலுத்தும் தொழிற்சாலைகள் விலகினால், அவர்கள் தந்த உபரியால் தாங்கப்படும் ஏழை வீடுகளின் சலுகைக்கு வேறு பணம் தேட வேண்டும். இதை ஒப்புக்கொண்டு, "அந்தச் செலவு எவ்வளவு, எந்த முறையில் கணக்கிட்டீர்கள்" என்று கேட்கும் மனுவுக்கு ஆணையத்தில் மதிப்பு அதிகம். வீட்டுக் கூரைகளுக்கு மத்திய அரசே 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருவதையும் சுட்டிக்காட்டலாம். ஒரு கை கொடுப்பதை இன்னொரு கை பிடுங்குகிறதா என்பது கேட்கத்தக்க கேள்வியே.

கணக்கு உங்களிடம் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள். குறைப்பு உத்தரவுகளின் தேதி, நேரம், காரணம். உங்கள் மின்மாற்றியின் திறனும் அதில் ஏற்கெனவே இணைந்த சூரிய மின் அளவும். நெட்வொர்க் கட்டணத்தால் வசூலான தொகை. 30 நாட்கள் ஆகும் என்பதால், வரைவு வந்த பிறகு கேட்டால் பெரும்பாலும் காலம் கடந்துவிடும். கட்டண மனு வரும் என்ற பேச்சு எழும்போதே விண்ணப்பத்தைப் போட்டு வையுங்கள்.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். ஆணையச் செயலாளருக்குக் கிண்டி முகவரிக்கு விரைவுத் தபாலிலும், அறிவிப்பில் சொன்ன மின்னஞ்சலுக்கும் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கருத்துக்கேட்புக் கூட்டம்

2022 ஆகஸ்டில் கட்டண உயர்வுக்கான கூட்டங்கள் கோவை, மதுரை, சென்னை ஆகிய ஊர்களில் நடந்தன. நம் ஊருக்கே ஆணையம் வரும் இந்த வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை.

காலையில் சீக்கிரம் போய்ப் பெயர் பதிவு செய்யுங்கள். பேச ஒரு சில நிமிடங்களே கிடைக்கும். முன்னால் பேசியவர் கைதட்டல் வாங்கிவிட்டுப் போயிருப்பார். அந்தச் சூட்டில் நீங்களும் குரலை உயர்த்தத் தூண்டும். கைதட்டல் எந்த ஆணையிலும் பதிவாவதில்லை. எழுதிக் கொடுத்த மனுவின் எண்ணைச் சொல்லி, உங்கள் கணக்கிலிருந்து ஒரே ஒரு தொகையைக் காட்டி, மாற்று வாசகத்தை நிதானமாகப் படித்துவிட்டு இறங்குங்கள். ஒரே ஊரிலிருந்து பத்துப் பேர் போனால் பத்துப் பேரும் ஒரே பேச்சைப் பேசுவது வீண். கப்பலூர் தொழிற்பேட்டைக்காரர் தொழிலைப் பற்றியும், விவசாயி தன் நிலத்தைப் பற்றியும், அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் பொது விளக்கு, லிப்ட் மின்சாரத்தைப் பற்றியும் பேசட்டும்.

தொழில்முனைவோரைச் சேர்ப்பதற்கு, மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு தொழில் வர்த்தகச் சங்கமும், சிறுதொழில் சங்கமான மடீட்சியாவும் இயல்பான இடங்கள். 2022 கட்டண ஆணைக்குப் பிறகு சிறு, குறு நடுத்தரத் தொழில் அமைப்புகள் தொடர்ந்து குரல் கொடுத்ததால்தான், 2023 இறுதியில் அவர்களுக்குக் கூரைச் சூரிய மின்சாரத்தின் நெட்வொர்க் கட்டணம் பாதியாகக் குறைக்கப்பட்டது. கிராமங்களில் கிராம சபைத் தீர்மானம் உதவும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் எது முன்னால் வருகிறதோ அதில் தீர்மானம் போட்டு, நகலை மனுவோடு இணையுங்கள். ஆணையத்தை அது கட்டுப்படுத்தாது. சட்டமன்ற உறுப்பினரின் மேசையில் வைத்தால் அதன் எடை வேறு. மின்சாரச் சட்டத்தின் 87ஆம் பிரிவின் கீழ் ஆணையத்துக்கு ஓர் ஆலோசனைக் குழுவும் உண்டு. வணிகம், விவசாயம், தொழிலாளர், நுகர்வோர் தரப்புகளைச் சேர்ந்த அதன் உறுப்பினர்களுக்கும் ஒரு பிரதியை அனுப்பலாம்.

ஆணை வந்த பிறகு

ஆணையைக் கையில் வாங்கியதும் கடைசிப் பக்கத்துக்குப் போகாதீர்கள். கட்டண ஆணையில் பொதுமக்களின் ஆட்சேபம், அதற்குக் கழகத்தின் பதில், ஆணையத்தின் கருத்து என்று ஒரு பகுதி இருக்கும். உங்கள் ஆட்சேபம் அங்கே இருக்கிறதா, ஆணையம் அதற்குக் காரணம் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். சொல்லப்படாத பதில் மேல்முறையீட்டுக்குக் கிடைத்த நல்ல காரணம். மனுவே கொடுக்காதவருக்கு அந்தக் காரணம் கிடைக்காது.

ஆணையத்தின் ஆணைக்கு எதிராக மின்சாரச் சட்டத்தின் 111ஆம் பிரிவின்படி 45 நாட்களுக்குள் டெல்லியிலுள்ள மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கிருந்து 60 நாட்களுக்குள் உச்ச நீதிமன்றம். ஆனால் எதிர்ப்பது விதிமுறையை என்றால் தீர்ப்பாயத்தின் கதவு மூடியிருக்கும். விதிமுறையின் செல்லுபடியைத் தீர்ப்பாயம் ஆராய முடியாது, நீதிமன்றத்தின் சீராய்வுதான் வழி என்று 2010இல் பி.டி.சி. இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு முடிவு செய்துவிட்டது. விவரம் தெரியாமல் டெல்லியில் மனு போட்டு மாதங்களை இழப்பது நமக்குக் கட்டுப்படியாகாது.

உயர் நீதிமன்ற ரிட் மனுவுக்கு, 2004 ஜூலை முதல் இயங்கும் மதுரைக் கிளை நம் வாசலிலேயே இருக்கிறது. சட்டம் ஒன்றின் செல்லுபடியையே எதிர்ப்பதானால் மனுவை இங்கே தாக்கல் செய்வதா, சென்னை முதன்மை அமர்விலா என்பதை வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். வாதத்துக்கு இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் கைகொடுக்கும். 2015இல் இந்துஸ்தான் ஜிங்க் வழக்கில், புதுப்பிக்கத்தக்க மின்சாரக் கொள்முதல் கட்டாயம் செல்லும் என்று சொன்ன நீதிமன்றம், சுற்றுச்சூழல் உரிமையோடும் அதைப் பொருத்திப் பார்த்தது. 2024 மார்ச்சில் ரஞ்சித்சிங் வழக்கில், பருவநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து விடுபட்டு வாழும் உரிமை அரசியல் சாசனத்தின் 14, 21ஆம் பிரிவுகளில் அடங்கியது என்றது.

இடைக்காலத் தடை கிடைத்தாலும் அதை வெற்றியாக எண்ணிச் சங்கத்தைக் கலைத்துவிடக் கூடாது. 2022 கட்டண விவகாரத்தில், ஆணையத்தில் சட்டத்துறை உறுப்பினர் இல்லை என்ற காரணத்தால் மதுரைக் கிளையின் தனி நீதிபதி இறுதி ஆணைக்குத் தடை விதித்தார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை விலக்கியது. செப்டம்பர் 10ஆம் தேதி புதிய கட்டணம் அமலுக்கே வந்துவிட்டது. ஆகவே வழக்கு நடக்கும்போதும் பில்லை உரிய தேதியில், "ஆட்சேபத்துக்கு உட்பட்டுச் செலுத்துகிறேன்" என்று ஒரு கடிதத்தோடு கட்டிவிடுங்கள். கட்டாமல் விட்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள். கடிதம் இல்லாமல் கட்டினால், பிறகு வழக்கில் வென்றாலும் பணத்தைத் திரும்பக் கேட்பது சிக்கலாகலாம்.